அறுபது மணி நேர ஆட்டம், ஆயிரம் சொல்: கேம் விமர்சகன் யாருக்கு எழுதலாம்?

சித்தி மகன் ஒருவன் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறான். போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, வேலைய விட்டுட்டு கேம் ரிவ்யூ எழுதலாம்னு இருக்கேன். சைட்டுக்கு எழுதறதா, யூடியூபா, பேட்ரியானா? எது பெட்டர்?" நான் ஏழெட்டு வருடமாக வெளிநாட்டு இங்கிலீஷ் தளங்களுக்கு உதிரியாக எழுதிக்கொண்டிருக்கிறவன். அதனால் என்னிடம் வந்திருக்கிறான். (பேட்ரியான் என்பது வாசகர்களே மாதாமாதம் பணம் கட்டி எழுதுகிறவரைத் தாங்குகிற தளம்.) ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஒழுங்குபடுத்தி எழுதியதுதான் இது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு விமர்சனத்துக்கு 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சில தளங்கள் இதைவிடக் குறைவாகத் தரும், சில கூடத் தரும், கணக்குக்கு இது போதும். கதை நீளமான ஒரு ரோல்பிளேயிங் கேமை முடிக்க 60 மணி நேரம். எழுத, ஸ்கிரீன்ஷாட் எடுக்க, எடிட்டர் கேட்ட திருத்தங்களைச் செய்ய இன்னும் 12. ஆக 72 மணி நேரம். மணிக்கு மூன்றரை டாலர் வருகிறது. அதே 250 டாலரை ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேமுக்கு வாங்கினால்? இரண்டு தடவை ஆடினாலும் 3 மணி நேரம், எழுத 10. மணிக்கு 19 டாலருக்கு மேல். ஆட்டத்துக்குக் கூலி கிடையாது, எழுத்துக்குத்தான் கூலி. இந்தத் தொழிலில் மற்ற எல்லாக் கேள்வியும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. என்னுடைய முதல் இரண்டு வருடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. கேமை ஓசியில் தருகிறார்களே என்ற சந்தோஷம்!

ஒன்றரை மணி நேரக் கேம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'வெண்பா'. டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அடுத்த வருடம் அறிமுகக் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கும், விடுபட்ட படியை ஆடுகிறவர்தான் ஊகிக்க வேண்டும். தொடக்கமே இட்லி. மாவை ஊற்றுவது சுலபம், தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். குழிக்கு நேர் மேலே குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் இட்லி உருப்படியாக வரும். நம் வீடுகளில் இதை யாரும் புதிர் என்று நினைத்ததே இல்லை, கை தானாகவே திருப்பி வைத்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் இந்தக் கேம் ஒரு விளையாட்டு விதியாக மாற்றியிருக்கிறது. இட்லிப் பானையைத் தினமும் பார்த்து வளர்ந்த ஒருவன் இதைப் பற்றி எழுதினால், அதில் மற்றவர்கள் எழுத முடியாத இரண்டு பத்தியாவது இருக்கும். எடிட்டர் காசு கொடுப்பது அந்த இரண்டு பத்திக்குத்தான்.

தளங்களுக்கு எழுதுவது

இந்த வழியில் கிடைக்கிற பெரிய சம்பளம் எடிட்டர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் முதல் விமர்சனத்தை ஓரம் முழுக்கக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது: "கதையைச் சொல்லிவிட்டீர்கள், கிராஃபிக்ஸைச் சொல்லிவிட்டீர்கள். ஆடுகிறவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது?" அதுவரை சினிமா விமர்சனம் மாதிரியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பாஸிடம், அதாவது கட்டத்தின் பெரிய எதிரியிடம், நாற்பது தடவை செத்த பிறகு விரல் எதைக் கற்றுக்கொண்டது, கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டது எந்த இடத்தில், மறுபடி ஏன் எடுத்தேன் என்பதையெல்லாம் எழுத வேண்டும் என்று யூடியூப் எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

சரி, கஷ்டம் என்ன? ஃப்ரீலான்ஸருக்கு வருவது பெரும்பாலும் பந்தியில் மிச்சம். ஊர் முழுக்கக் காத்திருக்கிற கேமை நிரந்தர ஊழியர் எடுத்துக்கொள்வார். வருடா வருடம் வருகிற விளையாட்டுத் தொடரும், யாருக்கும் நேரமில்லாத எண்பது மணி நேரக் கேமும் நம் தலையில் வந்து விழும்.

அப்புறம் எம்பார்கோ, அதாவது இன்ன நேரத்துக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்ற தடை. வெள்ளிக்கிழமை ராத்திரி, கேமை இலவசமாக இறக்கிக்கொள்கிற ஸ்டீம் கீ மெயிலில் வரும். கூடவே ஒரு பிடிஎஃப்: மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு வருகிற பாஸின் பெயரைச் சொல்லக் கூடாது, இன்ன பாத்திரம் சாவதைச் சொல்லக் கூடாது, இந்த இடத்துக்கு மேல் வீடியோ கூடாது. செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குத் தடை விலகும். காலை என்பது கலிஃபோர்னியாக் காலை. நமக்கு அது ராத்திரி எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. நடுவில் நூறு ஜிபி டவுன்லோட் வேறு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' எவ்வளவு பெரியது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ரிவ்யூ காப்பி கைக்கு வந்ததோ வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால்தான். பல தளங்கள் 'இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம்' என்று பாதி விமர்சனத்தைப் போட்டுவிட்டு மார்க்கைப் பிறகு சேர்த்தன. என்னைக் கேட்டால் அதுதான் யோக்கியமான வழி. ஆனால் முடிக்காததை முடித்த மாதிரி எழுதச் சொல்லி உள்ளுக்குள் ஒரு குரல் தூண்டிக்கொண்டே இருக்கும். மூன்றரை டாலர் கணக்கு அந்தக் குரலுக்கு வலு சேர்க்கும்.

மார்க் என்றதும் இன்னொன்று. நாம் போடுகிற எண், எல்லா விமர்சகர்களின் மார்க்கையும் சேர்த்துச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக் தளத்துக்குப் போகிறது. அங்கே எல்லாத் தளத்துக்கும் ஒரே எடை கிடையாது. பெரிய எழுத்தில் தெரிவது தளத்தின் பெயர்தான், திட்டு மட்டும் நம்மைத் தேடி வரும். அந்த எண்ணால் ஒருவர் வயிற்றில் அடி விழவும் கூடும். 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' மெட்டாகிரிட்டிக்கில் 85 வாங்கினால் அதை உருவாக்கிய ஆப்சிடியனுக்கு போனஸ் என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போனதை அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியே சொன்னார். இதைப் படித்ததிலிருந்து ஏழு போடுவதா எட்டு போடுவதா என்று யோசிக்கும்போதெல்லாம் முகம் தெரியாத யாரோ ஒரு புரோகிராமர் வந்து நிற்கிறார். அவருக்காக எட்டு போட்டால் காசு கொடுத்து வாங்குகிறவனை ஏமாற்றியதாகும். இப்படித் தலைசுற்றுவதால் மார்க் கேட்காத தளங்களைத்தான் எனக்குப் பிடிக்கும். யூரோகேமர் தளம் 2015இல் மார்க்கைக் கைவிட்டது, 2023இல் நட்சத்திரங்களோடு திரும்பி வந்தது. அதைப் பார்த்தால், மார்க் இல்லாமல் தாக்குப்பிடிப்பது அவ்வளவு லேசில்லை என்று தெரிகிறது.

தளங்கள் நிற்குமா என்பதே இப்போது கேள்விதான். வாஷிங்டன் போஸ்ட்டின் கேம் பிரிவான 'லாஞ்சர்' 2023இல் மூடப்பட்டது, வைஸ் நிறுவனத்தின் கேம் தளமான 'வேபாயின்ட்' அதே வருடம். 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் போனது. இதழோடு இணையதளமும் சேர்ந்து மறைந்தது. முப்பத்து சொச்சம் வருட எழுத்து இருந்த இடத்தில் ஒரு விடைபெறும் குறிப்பு மட்டும் நின்றது. மறு வருடம் வேறு நிறுவனம் ஒன்று எடுத்து நடத்த முன்வந்ததால் பிழைத்தது. 'பாலிகன்' தளம் 2025 மே மாதம் கைமாறியது, நிறையப் பேர் வேலை இழந்தார்கள். என் சொந்தக் கதை இதில் ரொம்பச் சின்னது: ஒரு தளம் கைமாறிய சமயத்தில் என் இன்வாய்ஸ் நடுவில் மாட்டிக்கொண்டது. பழைய ஆட்கள் புதியவர்களைக் கை காட்டினார்கள், புதியவர்கள் பழையவர்களை. பணம் வர ஐந்து மாதம் ஆனது. அன்றிலிருந்து கட்டுரை வெளியான அன்றே பிடிஎஃப் எடுத்து வைத்துவிடுகிறேன். இன்வாய்ஸையும் அன்றே அனுப்பிவிடுகிறேன்.

நிரந்தர வேலையே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது நம் ஊரிலிருந்து கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் அரண் இல்லை. 2007இல் கேம்ஸ்பாட்டில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு 6 மார்க் போட்டார். அதே தளத்தில் அந்தக் கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். விளம்பரதாரர்களின் அழுத்தம்தான் பின்னணி என்று பேசும் சுதந்திரம் அவருக்கு 2012இல்தான் கிடைத்தது.

யூடியூப்

நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. அதற்கு முன் 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அமெரிக்காவிலிருந்து பார்க்கிறவர்களால் வருகிற வருமானத்தில் வரிப் படிவம் கொடுத்த இந்தியருக்கு 15 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் யூடியூபைப் பற்றி என் கவலை வரி இல்லை, காட்சி. எழுத்து விமர்சனத்தில் "இந்த இடத்தில் கேம் திக்கித் திணறுகிறது" என்று நான் எழுதினால் போதும், வீடியோவில் அதைக் காட்ட வேண்டும். காட்ட அனுமதி வேண்டும்.

'சைபர்பங்க் 2077' ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பர் 10 வெளியீடு. விமர்சகர்களுக்கு முன்கூட்டி வந்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான், பழைய கன்சோல் பதிப்பு யார் கையிலும் இல்லை. அதோடு வீடியோவில் தாங்கள் ஆடியதைக் காட்டக் கூடாது, நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் போட வேண்டும். எழுதியவர்களாவது பக், அதாவது கேமில் இருக்கிற கோளாறு, பற்றி எழுத முடிந்தது. வீடியோ போட்டவர்கள் வாயால் பக்கைச் சொல்லும்போது பின்னால் அழகான நகரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியீட்டுக்குப் பிறகு பிஎஸ்4இல் ஆடியவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே கேமை எடுத்தது. அந்த வாரம் எனக்கு இரண்டு நண்பர்கள் போன் செய்து, "நீங்கள்லாம் என்னத்தைத்தான் ஆடிப் பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். நான் அந்தக் கேமைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இருந்தாலும் திட்டு வாங்கினேன்.

ஸ்பான்சர் பணம் வந்தால் நிபந்தனையும் வரும். 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேமை 2014இல் புகழ்ந்து வீடியோ போட யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து, அதைச் சரியாகச் சொல்லவைக்காமல் விட்டதற்காக வார்னர் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016இல் சமரசமானது. 2024இல் 'மார்வெல் ரைவல்ஸ்' சோதனைப் பதிப்புக்குச் சேனல்காரர்களிடம் கையெழுத்துக் கேட்ட ஒப்பந்தத்தில், கேமைக் குறைசொல்லக் கூடாது என்ற வாசகமே இருந்தது. வெளியே தெரிந்து சலசலப்பானதும் கேமை வெளியிட்ட நெட்ஈஸ் நிறுவனம் பின்வாங்கியது. பத்து வருட இடைவெளியில் நடந்தவை இவை. ஊடகமும் பழக்கமும் பெரிதாக மாறிவிடவில்லை. இந்தியாவிலும் இப்போது பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு போடுகிற வீடியோவில் அதைச் சொல்லியாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை வைத்துக்கொண்டால் 2022 ஜூலையிலிருந்து 10 சதவீத டிடிஎஸ் உண்டு. ஆடிட்டரிடம் இதை விளக்கியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "கேம் ஆடறதுக்கு இவ்வளவு பெரிய கார்டு எதுக்கு சார்?"

இவ்வளவையும் சொன்ன பிறகு யூடியூபுக்கு ஆதரவாக ஒரு வாதம் இருக்கிறது. கனமான வாதம். தமிழில் கேமைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் ஆள் இருக்கிற இடம் அதுதான். நம் ஊரில் கேம் ஆடிக் காட்டுகிற சேனல்களுக்குக் குறைவில்லை. ஆனால் கேம் என்ன சொல்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது என்று உட்கார்ந்து பேசுகிறவர்கள் மிகக் கொஞ்சம். அமெரிக்கப் பார்வைக்கு வருகிற விளம்பரக் காசு தமிழ்ப் பார்வைக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் தப்பில்லை.

படிக்கிறவர்களே படியளப்பது

மூன்றாவது வழிக்குத்தான் இப்போது மவுசு. கேம் விமர்சகர் ஜிம் ஸ்டெர்லிங் 2014இல் 'எஸ்கேபிஸ்ட்' தளத்தை விட்டு வந்து பேட்ரியானில் வாசகர் பணத்தில் நடத்தத் தொடங்கினார். 2023 நவம்பரில் அதே எஸ்கேபிஸ்ட்டில் தலைமை ஆசிரியரை நீக்கியதும் வீடியோக் குழு மொத்தமாக வெளியேறி 'செகண்ட் விண்ட்' என்று கடை விரித்தது. அதே மாதம் கொட்டாகு முதலான கேம் தளங்களிலிருந்து வந்தவர்கள் 'ஆஃப்டர்மேத்' தொடங்கினார்கள். எழுதுகிறவர்களே அதன் முதலாளிகள். வேபாயின்ட் ஆட்கள் 'ரீமேப்' ஆனார்கள். கெர்ஸ்ட்மனும் 2022இலிருந்து பேட்ரியானில்தான்.

இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தம்பிக்கு ஆசை வந்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால் இவர்கள் யாரும் புதிதாகக் கடை போட்டவர்கள் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர் கடையில் நின்று வாடிக்கையாளரைச் சம்பாதித்து, கூடவே கூட்டிக்கொண்டு வந்தவர்கள். முகம் தெரியாத ஒருவனுக்கு 200 பேர் மாதம் 3 டாலர் கொடுத்தால் 600 டாலர். தளத்தின் பங்கு பத்து சதவீதம், கார்டு கட்டணம் தனி. அந்த 200 பேரைப் பிடிக்க எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் கேள்வி. இந்திய வாசகரிடம் வாங்கலாம் என்றால், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தானியங்கி மாதப் பிடித்தத்துக்கு விதிகளை இறுக்கியதிலிருந்து வெளிநாட்டுச் சந்தா பல கார்டுகளில் போகவே இல்லை. என் நண்பர் ஒருவர் மூன்று மாதம் பணம் கட்ட முயன்று, கடைசியில் நேரில் பார்த்தபோது ஐநூறு ரூபாயைக் கையில் திணித்தார்.

ஆனாலும் இந்த வழியில் இருக்கிற சுதந்திரம் மற்றதில் இல்லை. எம்பார்கோ கிடையாது, ஏனென்றால் ஓசி கீயும் கிடையாது. நாலாயிரம், ஐந்தாயிரம் கொடுத்து நாமே வாங்க வேண்டியதுதான். வந்து மூன்று மாதம் கழித்து, பேட்ச் எல்லாம் போட்டு, ஊர் பேசி ஓய்ந்த பிறகு எழுதலாம். நான் எழுதியதில் எனக்கே பிடித்தவை எல்லாம் அப்படி எழுதியவைதான். விலையும் உண்டு. 2017இல் ஊரே பத்துக்குப் பத்து போட்ட 'செல்டா'வுக்கு ஸ்டெர்லிங் 7 போட்டார். அவருடைய தளத்தைத் தாக்கி முடக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒரு கேம் நிறுவனம் அவர் மீது வழக்கே போட்டது, பிறகு அது தள்ளுபடியானது. பெரிய தளம் என்றால் பின்னால் வக்கீல் இருப்பார். தனியாள் என்றால் தனியாள்தான்.

தம்பிக்குச் சொன்னது

வேலையை விடாதே. இது அப்பா அம்மா சொல்கிற காரணத்துக்காக இல்லை. மாதச் சம்பளம் வருகிறவனால்தான் எண்பது மணி நேரக் கேமை "வேண்டாம் சார்" என்று எடிட்டரிடம் சொல்ல முடியும். வாடகைக்குத் திண்டாடுகிறவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பாதி ஆடி, முழுசாக ஆடிய மாதிரி எழுதுவான். நானே ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். கடைசிப் பகுதியைப் பற்றி நான் எழுதிய ஒரு வாக்கியம் தப்பு என்று வாசகர் ஒருவர் ஸ்பாய்லர் இல்லாமல் மிகவும் மரியாதையாகச் சுட்டிக்காட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ராத்திரியும் சனி ஞாயிறும் போதும், ஐந்து மணி நேரத்துக்குள் முடிகிற கேம்களாக எடுத்தால். தளங்களுக்கு எழுது, முக்கியமாக எடிட்டிங் நன்றாகச் செய்கிற இரண்டு தளங்களுக்கு. விமர்சனம் கிடைக்காவிட்டால் கைடு எழுதக் கேள். எந்தப் பெட்டிக்கு எங்கே சாவி, எந்தப் புதிருக்கு என்ன விடை என்கிற அந்த வேலையில் பெருமை இல்லை, ஆனால் தேடி வருகிற கூட்டம் அதற்குத்தான், காசும் ஒழுங்காக வரும். கேமை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற பழக்கமும் வரும். பக்கத்திலேயே ஒரு இலவச நியூஸ்லெட்டர் வைத்துக்கொள், மாதம் ஒன்று போதும். அதில் பணம் கேட்காதே, மெயில் முகவரி மட்டும் சேரட்டும். தளம் மூடிப் போனாலும் அந்தப் பட்டியல் உன் கையில் இருக்கும். யூடியூபில் இறங்கினால் தமிழில் இறங்கு, ஸ்பான்சர் இல்லாமல், வருமானத்தை எதிர்பார்க்காமல்.

அப்புறம் எடிட்டர் "சரி, எழுதுங்கள்" என்றதும் மெயிலிலேயே கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. தொகை எவ்வளவு, பணம் கட்டுரை வெளியாகி எத்தனை நாளில், எழுதிக் கொடுத்த பிறகு அவர்களே கைவிட்டால் எவ்வளவு தருவார்கள், மார்க்கை முடிவு செய்வது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் நான் விலகிவிடுவேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் இரண்டு நாள் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மெசேஜ்: "அண்ணா, ரெண்டு மணி நேரத்துல முடியற கேம் எதாச்சும் இருந்தா லிஸ்ட் அனுப்புங்க." பதினொரு பெயர் அனுப்பியிருக்கிறேன்.